பவுல் கெர்ஹார்ட்: நம்பிக்கையின் பாடலும் பாடுகளின் வரலாறும்

திருச்சபையின் பக்தி இலக்கியத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. ஜெர்மானிய ஞானப்பாட்டு ஆசிரியரான பவுல் கெர்ஹார்ட், மனச்சாட்சியின் காரணமாகப் பெர்லின் நகரில் தம் குருப்பணியை இழந்து, மனைவியோடு போக்கிடமின்றிப் புறப்பட்டார். வழியிலே ஒரு சத்திரத்தில் தங்கியபோது மனைவி எதிர்காலத்தை எண்ணிக் கண்ணீர்விட்டாள். அவர் 37-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனத்தைச் சொல்லி அவளைத் தேற்றி, தோட்டத்திற்குச் சென்று, அவ்வசனத்தையே பொருளாகக் கொண்டு ஒரு பாடலை இயற்றினார். அன்று மாலையே மெர்செபர்க் கோமகனின் தூதுவர் இருவர் வந்து, அவருக்கு ஆதரவளிப்பதாகத் தெரிவித்தனர். கதை இவ்வாறு முடிகிறது.

உள்ளத்தை உருக்கும் கதைதான். ஆயினும் ஆண்டுக் கணக்கு இதற்கு இடந்தருவதில்லை. அந்தப் பாடல் 1653-இல் அச்சில் வெளிவந்துவிட்டது. கெர்ஹார்ட் திருமணம் செய்துகொண்டது 1655-இல். பணியிலிருந்து நீக்கப்பட்டது 1666-இல். எனவே கதை கூறும் துன்பத்திற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, கதை கூறும் மனைவி அவரது இல்லத்திற்கு வருமுன்னரே, பாடல் சபையாரின் நாவில் இருந்தது. இவ்வுண்மையை அறிவதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை என்பதையும், பெறுவது மிகுதி என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாடலுக்கு முன்

கெர்ஹார்ட் 1607-இல், விற்றன்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள கிரேபன்ஹைனிகன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயது நிரம்பியபோது தாய் தந்தை இருவரையும் இழந்திருந்தார். 1618-இல் மூண்ட முப்பதாண்டுப் போர் 1648 வரை ஜெர்மானிய நாடுகளைப் பாழாக்கியது. படைகளின் பின்னே பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. 1637-இல் சுவீடன் நாட்டுப் படையினர் அவரது சொந்த ஊரைத் தீக்கிரையாக்கினர்; அதே ஆண்டில் கொள்ளைநோய் அவருடைய சகோதரரை வாரிக்கொண்டது.

விற்றன்பர்க்கில் இறையியல் கற்ற அவருக்கு உரிய பணியிடம் கிட்டவில்லை. பெர்லினில் பெர்த்தோல்டு என்னும் வழக்கறிஞரின் இல்லத்தில் தங்கியிருந்து, பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார். 1651-இல், தம் நாற்பத்துநான்காம் வயதில்தான் மிட்டன்வால்டே என்னும் ஊருக்குக் குருவாக அமர்த்தப்பட்டார். பெர்லின் தூய நிக்கொலா ஆலயத்தின் இசைத்தலைவரான யோகான் குரூகர் தொகுத்த பாட்டுப்புத்தகத்தின் 1653-ஆம் ஆண்டுப் பதிப்பில் நம் பாடல் வெளியாயிற்று. பன்னிரண்டு பாக்களைக் கொண்ட அதன் தொடக்கச் சொற்களைக் கோத்துப் பார்த்தால், லூத்தரின் மொழிபெயர்ப்பிலுள்ள சங்கீத வசனம் அப்படியே கிடைக்கும். வேலையின்றிக் காத்திருந்த ஆண்டுகளும், போர் விட்டுச்சென்ற சாம்பலும் இதன் பின்புலம் எனலாம்.

பாடலுக்குப் பின்

1655-இல் பெர்த்தோல்டின் மகள் அன்னா மரியாளை அவர் மணந்தார். மறு ஆண்டு பிறந்த முதற் குழந்தை, ஓராண்டு நிறையுமுன் இறந்துபோயிற்று. மிட்டன்வால்டே ஆலயத்தில் அக்குழந்தையின் நினைவாகப் பெற்றோர் ஒரு பலகை வைத்தனர். அதில் குறிக்கப்பெற்ற வேதபகுதி ஆதியாகமம் 47:9. தன் வாழ்நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை என்று பார்வோனிடம் யாக்கோபு உரைத்த சொல். கர்த்தரிடம் வழியை ஒப்புவிக்கும்படி சபைக்குப் பாடிக்கொடுத்தவர், தம் மகளின் கல்லறைக்குப் புலம்பலின் வசனத்தைத் தெரிந்துகொண்டார். இரண்டும் ஒரே விசுவாசத்திலிருந்து பிறந்தவை. ஐந்து பிள்ளைகளுள் பவுல் பிரெடெரிக் என்னும் ஒரு மகனே எஞ்சினான்.

1657-இல் கெர்ஹார்ட் பெர்லின் தூய நிக்கொலா ஆலயத்திற்கு அழைக்கப்பட்டார். பிராண்டன்பர்க்கை ஆண்ட பிரெடெரிக் வில்லியம் கால்வின் மரபினர். மக்களோ பெரும்பாலும் லூத்தரன்கள். இரு தரப்புக் குருமாரும் பிரசங்க பீடத்திலிருந்து ஒருவரையொருவர் தூற்றலாகாது என்று 1664-இல் அவர் கட்டளை பிறப்பித்து, அதற்கு உடன்படும் உறுதிமொழியில் கையொப்பம் கேட்டார். கெர்ஹார்ட் பிறரைத் தூற்றும் இயல்பினர் அல்லர். எனினும், கையொப்பமிடுவது தம் குருப்பட்ட உறுதிமொழியையும், லூத்தரன் விசுவாச அறிக்கையையும் கைவிடுவதாகும் எனக் கருதி மறுத்தார். 1666-இல் பணி நீக்கம் பெற்றார். நகரத்தாரும் தொழிற்சங்கத்தாரும் அவருக்காக மனுச் செய்ததன்பேரில், 1667-இல் கையொப்பமின்றியே பணிக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. ஆனால் கட்டளைக்கு அவர் இணங்கி நடப்பார் என்னும் எதிர்பார்ப்பு அவ்வனுமதியில் அடங்கியிருந்தது. அதை அவர் மனச்சாட்சி ஏற்கவில்லை. பணியைத் தாமே விட்டு நீங்கினார்.

அவருடைய தீர்மானத்தை இன்று நாம் அப்படியே பின்பற்ற வேண்டுவதில்லை. 1973-இல் உருவான லாயன்பர்க் உடன்பாட்டின் மூலம் ஐரோப்பிய லூத்தரன் சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் ஐக்கியத்திற்குள் வந்துள்ளன. மன்னர் நாடிய சமாதானமும் நற்காரியமே. ஆயினும் அஞ்சிய மனச்சாட்சிக்கு அவர் காட்டிய கண்ணியம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1668 மார்ச் மாதத்தில் அன்னா மரியாள் மரித்தாள். மெர்செபர்க் கோமகனின் ஆட்சிக்குட்பட்ட லூபென் ஊரில் கெர்ஹார்ட் பணியேற்றது 1669-இல். கதையிலே அன்று மாலையே வந்த உதவி, வரலாற்றிலே மனைவியை அடக்கம்பண்ணிய பின்னரே வந்தது. தாயில்லா மகனோடு அங்கே சென்ற அவர் 1676-இல் இளைப்பாறினார். மகனுக்கு எழுதிவைத்த இறுதி அறிவுரையில், உலகப் பொருளைத் தாம் சொற்பமாகவே விட்டுச்செல்வதாகவும், அவன் வெட்கப்பட வேண்டாத நற்பெயரை விட்டுச்செல்வதாகவும் குறித்தார். லூபெனிலுள்ள அவரது உருவப்படத்தின் இலத்தீன் வாசகம், சாத்தானின் சுளகிலே புடைக்கப்பட்ட இறையியலாளர் என்று அவரைச் சுட்டுகிறது. பேதுருவிடம் ஆண்டவர் கூறிய எச்சரிப்பு (லூக். 22:31) இங்கு நினைவுகூரப்படுகிறது.

நம் ஊழியத்திற்கு

கதையும் வரலாறும் போதிக்கும் நம்பிக்கைகள் வேறானவை. கதையின்படி, நம்பிக்கை மாலைக்குள் பலன் தரும் முதலீடு. நோயுற்ற பிள்ளையின் படுக்கையருகே ஆண்டுக்கணக்காய் ஜெபித்திருக்கும் தாயிடம் இக்கதையைச் சொல்வோமானால், அவள் கேட்காமலே கேட்கும் வினா ஒன்றே: என் வாசலுக்குத் தூதுவர் ஏன் வரவில்லை? கவலையோடு வந்தவளைக் குற்றவுணர்வோடும் அனுப்பிவிடுவோம். சங்கீதக்காரரோ, காரியத்தைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணுவார் என்று சொன்னாரேயன்றி நாள் குறிக்கவில்லை. அதே சங்கீதம் ஏழாம் வசனத்தில் காத்திருக்கும்படி கட்டளையிடுகிறது.

மேலும், பாடல் முந்தியது. வீட்டின் பாடுகள் பிந்தின. பிள்ளைகளின் சவப்பெட்டிகளுக்குப் பின்னே கெர்ஹார்ட் நடந்தபோது, அவர் புதிதாய் எதையும் இயற்ற வேண்டியதில்லை. சபை ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது. தாம் பாட இயலாத நாளில் தமக்காகப் பிறர் பாடக் கேட்கும் பேறு அது. 1943-இல் பெர்லின் தேகல் சிறையில் அடைக்கப்பட்ட தீத்ரிக் போன்ஹோபரும், கெர்ஹார்ட்டின் பாடல்கள் தமக்கு உதவியாயிருப்பதைக் கடிதங்களில் எழுதினார். அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை; 1945-இல் கொல்லப்பட்டார். பாடல் பொய்த்துவிட்டது என்று அவர் கருதவில்லை.

கெர்ஹார்ட் மறைந்த முப்பதாம் ஆண்டில், 1706-இல், சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் வழிவந்த மிஷனரிமாரும், சிறப்பாகப் பப்ரிசியஸும், ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி நம் சபைகளுக்கு அளித்தனர். அப்பாட்டுகளைச் சுகமான நாட்களிலேயே நம் மக்களுக்கும் சிறுவருக்கும் மனப்பாடமாகக் கற்பிப்பது ஆயர்களாகிய நம் கடமை. துக்க வீட்டில் புலம்பலுக்கு இடந்தருவதும், பணியிழந்தவனுக்காக மனுச் செய்வதும் அதனோடு சேர்ந்தவையே. யாக்கோபின் வசனத்தைப் பலகையில் பொறித்த தகப்பனைக் கடவுள் தள்ளிவிடவில்லை. அத்தகைய தகப்பன்மார் நம் சபையின் இருக்கைகளிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மெய்யான வரலாற்றையே சொல்வோமாக.