தொகுமுறை வகுத்தல்

தொகுமுறை வகுத்தல் என்பது ஒரு பல்லுறுப்புக் கோவையை ஒருபடிக் கோவையால் வகுப்பதற்கான குறுக்கு வழி. மாறியை எழுதாமல், கெழுக்களை மட்டும் வைத்தே ஈவும் மீதியும் காணலாம். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் இது கற்பிக்கப்படுகிறது.

மாறியை ‘ய’ எனக் கொண்டு, 2ய³ − 5ய + 8 ஐ ய + 2 ஆல் வகுப்போம். கெழுக்களைப் படிகளின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும்: 2, 0, −5, 8. ய² உறுப்பு இல்லாததால் அதன் இடத்தில் 0. மாணவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது இந்தப் பூச்சியத்தைத்தான். ய + 2 ஐப் பூச்சியமாக்கும் −2 ஐ இடப்புறம் எழுதுக. முதல் கெழு 2 அப்படியே கீழே இறங்கும். அதை −2 ஆல் பெருக்க −4. அடுத்துள்ள 0 உடன் கூட்ட −4. மறுபடி பெருக்க 8. −5 உடன் கூட்ட 3. இன்னொரு முறை பெருக்க −6. 8 உடன் கூட்ட 2. கீழ்வரிசை 2, −4, 3, 2. கடைசி எண் மீதி. மற்றவை ஈவின் கெழுக்கள். அதாவது ஈவு 2ய² − 4ய + 3, மீதி 2.

நீள் வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் குறி மாற்றிக் கழிக்க வேண்டும். இங்கே வகுத்தியின் குறியைத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுவதால் பிறகு கூட்டல் மட்டுமே.

கோவையை ((2ய + 0)ய − 5)ய + 8 என அடுக்கி எழுதி, ய = −2 எனப் பிரதியிட்டாலும் இதே பெருக்கலும் கூட்டலும்தான் நடக்கும். மீதித் தேற்றம் சொல்வதும் இதையே: மீதி 2 என்பது ய = −2 இல் கோவையின் மதிப்பு. மீதி 0 என்றால் வகுத்தி ஒரு காரணி.

வகுத்தி 2ய − 1 போல இருந்தால் 1/2 ஐ வைத்துக் கணக்கிட்டு, கிடைக்கும் ஈவை மட்டும் 2 ஆல் வகுக்க வேண்டும், மீதி மாறாது. இருபடி வகுத்திக்கு இந்த எளிய அமைப்பு போதாது, அதை விரிக்க வேண்டும்.

இத்தாலியக் கணித அறிஞரும் மருத்துவருமான பாவ்லோ ருஃபீனி 1804 இலும், இங்கிலாந்தின் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1819 இலும், சமன்பாடுகளின் மூலங்களைத் தோராயமாகக் காண இத்தகைய கணக்கீட்டைப் பயன்படுத்தினர். ஹார்னர் பெயரே அதிகம் நிலைத்தது. ஆனால் சீனாவின் சின் ஜியுஷாவ் 1247 இலேயே இதையொத்த முறையால் உயர்படிச் சமன்பாடுகளைத் தீர்த்திருக்கிறார்.

அவர்களுக்கு ஒரு தடவை வகுத்தது போதவில்லை. ஈவையும் அதே எண்ணால் திரும்பத் திரும்ப வகுத்தார்கள். நம் ஈவின் கெழுக்கள் 2, −4, 3 ஐ −2 கொண்டு மறுபடி வகுத்தால் 2, −8, 19 வரும். இந்த 19 தான் ய = −2 இல் மூலக் கோவையின் வகைக்கெழு மதிப்பு.