கவரிங் தோடும் எலும்புத் தகடும்

கவரிங் தோடு போட்டால் இரண்டே நாளில் என் காது சிவந்து நீர் வடியும். தோட்டின் தண்டில் நெயில் பாலிஷ் தடவிப் போடச் சொல்வாள் அம்மா. முலாமுக்கு அடியில் இருக்கும் நிக்கல்தான் காரணம் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் வழுக்கி விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. “பிளேட் வைக்கணும்மா” என்றார் டாக்டர். எனக்கு அந்தத் தோடுதான் நினைவுக்கு வந்தது. கை கூடிய மாதங்களில், எலும்புக்குள் உலோகம் புகுந்த கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

1877-இல் லண்டனில் ஜோசப் லிஸ்டர், உடைந்த முழங்கால் சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டினார். 1886-இல் ஹாம்பர்க் மருத்துவர் கார்ல் ஹான்ஸ்மன், முறிந்த எலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கும் முறையை வெளியிட்டார். அந்தத் தகடு என்ன தெரியுமா? நிக்கல் முலாம் பூசிய எஃகு! படித்ததும் என் கை தானாகக் காதுக்குப் போனது.

அடுத்து வந்தவர் பிரிட்டனின் அறுவை மருத்துவர் ஆர்புத்நாட் லேன். அவருடைய எஃகுத் தகடுகள் உடம்புக்குள் துருப்பிடித்தன. 1912-இல் அமெரிக்க மருத்துவர் ஷெர்மன் தகடுகளை வனேடியம் எஃகில் செய்தார். உறுதி கூடியது, துரு போகவில்லை. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உடம்பின் உப்புநீரில் சேர்ந்தால் பாட்டரி போல மின்சாரம் உண்டாகி எலும்பை அரிக்கும் என்று 1937-இல் டெக்சாஸ் மருத்துவர்கள் வெனபிளும் ஸ்டக்கும் காட்டினார்கள். அதன்பின் கோபால்ட், குரோமியம் கலந்த வைட்டாலியத்தையும், துருப்பிடிக்காத எஃகையும் மருத்துவர்கள் நம்பத் தொடங்கினார்கள். இந்த எஃகு நம் வீட்டு எவர்சில்வருக்கு நெருங்கிய சொந்தம். தகட்டுக்கான இந்த எஃகில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிக்கல்.

உலோகம் உடம்புக்குள் தாங்குமா என்றே அத்தனை ஆண்டுகளும் கேட்டார்கள். அந்த உலோகத்தை இந்த உடம்பு தாங்குமா என்ற கேள்வி பிந்தித்தான் வந்தது. தோலில் மருந்தை ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனையைத் தோல் மருத்துவர் யாடசோன் 1895-லேயே சொல்லியிருந்தார். ஆனால் உள்ளே வைத்த உலோகத்தால் தோலில் எக்ஸிமா வந்ததை ஃபுஸ்ரோ, லோஜியே என்ற இரு தோல் மருத்துவர்கள் எழுதியது 1966-இல்.

இதைப் படித்து யாரும் பயப்பட வேண்டாம். நிக்கல் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் எஃகுத் தகட்டோடு எலும்பு நன்றாகவே கூடுகிறது. எலும்பு கூடத் தாமதமானால் உடனே ஒவ்வாமை மேல் பழி போடவும் கூடாது. கிருமித்தொற்றும் தகடு தளர்ந்திருப்பதும் முதலில் பார்க்க வேண்டியவை. என் காதின் கதையைக் கேட்ட டாக்டர் டைட்டானியம் தகடு வைத்தார். கை கூடிவிட்டது.

கவரிங் நகையோ, கடிகாரத்தின் பின்மூடியோ, ஜீன்ஸ் பொத்தானோ பட்ட இடம் உங்களுக்கு அரிக்கிறதா? ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.