கொல்லைப்புறத்து மழைக்கணக்கு

தெருக்கூத்திலே அரசன் கொலுவேறியதும் முதற்காரியமாக மந்திரியைப் பார்த்து, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகின்றதா என்று வினவுவான். தவறாது பொழிகின்றது என்று மந்திரி கைகட்டி விடை பகர்வான். சிறு வயதில் நாம் விடியவிடியக் கண்ட கூத்துகளில் எந்த மந்திரியும் ஏட்டைப் புரட்டிப் பார்த்து இக்கேள்விக்கு விடை கூறியதாக நினைவில்லை. எத்தனை அங்குலம் என்று எந்த அரசனும் கேட்டதுமில்லை.

கேட்கச் சொன்ன நூல் ஒன்று உண்டு. பண்டசாலையின் முன்னே ஒரு முழம் வாயகலமுள்ள கலத்தை வைத்து மழையை அளக்க வேண்டும் என்கிறது கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம். வறண்ட நிலங்களுக்கு 16 துரோணம், நீர்வளம் மிக்க நிலங்களுக்கு 24, அவந்தி நாட்டுக்கு 23 என்று கணக்கும் தருகிறது. நம் உழவரோ ‘ஓர் உழவு மழை’ என்பர். வானம் கொடுத்ததை அளவாது மண் வாங்கிக்கொண்டதை அளக்கும் சொல் அது. இவ்விரண்டும் விளைச்சலை நோக்கியவை. எவருடைய ஆணையும் இன்றி, வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானியை நட்டு, காலைதோறும் அதைப் பார்த்தெழுதுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பிற்காலத்தவர். அவ்வழக்கத்தின் வரலாற்றை நாம் காணத்தக்க இடங்களுள் ஒன்று மொரீஷியஸ் தீவு.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், இந்துமாக்கடலின் நடுவே கிடக்கும் எரிமலைத் தீவு அது. நீளம் 65 கிலோமீட்டருக்கு மேலிராது. மிக உயர்ந்த சிகரமும் 828 மீட்டர்தான். ஆயினும் தென்கிழக்கிலிருந்து ஓயாது வீசும் வியாபாரக் காற்று நடுமேட்டு நிலத்தில் மோதி மேலெழுந்து குளிர்வதால் அங்கு ஆண்டிற்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை கொட்டுகிறது. மலைகளின் மறைவிலுள்ள மேற்குக் கடற்கரைக்கு 900 மில்லிமீட்டர் கிடைப்பதும் அரிது. காலையில் புறப்பட்டு நடப்பவன் மாலைக்குள் இரண்டு பருவங்களைக் கடந்துவிடலாம். இத்தகைய தீவில் துறைமுகத்து அலுவலகத்தில் ஒரே ஒரு மானியை வைத்துக்கொண்டு ‘இத்தீவின் மழை இவ்வளவு’ என்று சொல்வது பொய்யாகிவிடும். பல கொல்லைகள் வேண்டும். பல கைகள் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளிலேயே மழையைப் பற்றிய கவலை தொடங்கிவிட்டது. மரங்களை வெட்டினால் மழை குன்றும் என்று நம்பிய நிருவாகி பியேர் புவாவ்ர், ஒவ்வொரு நிலக்காரரும் நிலத்தில் நான்கிலொரு பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்று 1769இல் விதி செய்தார். அந்நாளைய அறிஞர் லிஸ்லே ஜெஃப்ருவா என்பவர் தேசப்படம் வரைவதிலும் வானிலையைக் குறிப்பதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். அடிமையாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கத் தாய்க்கு 1755இல் பிறந்த அவரை, 1786இல் பாரிஸ் நகர அறிவியற் கழகம் தன் கடிதத் தொடர்பாளராக ஏற்றது. அடிமைத்தனம் நிலைத்திருந்த அக்காலத்தில் இது எத்துணை அரியது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. கரும்பு பெருகக் காடு அருகியது. மழை குறைந்துவிட்டது என்றனர் முதியோர். தம் இளமையில் ஆறுகள் நிறைந்தோடின என்றனர். உண்மையாயிருக்கலாம். ஆனால் முதியோர் இளமையில் ஆறுகள் எங்குமே நிறைந்துதான் ஓடியிருக்கின்றன; நம் ஊர்த் திண்ணைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். வழக்கைத் தீர்க்க எழுதிவைத்த எண்கள் தேவைப்பட்டன.

அவற்றைத் திரட்டும் பணியைத் தோளிற் சுமந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். சார்லஸ் மெல்ட்ரம் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1846இல் பம்பாய்க் கல்வி இலாகாவில் சேர்ந்து, 1848இல் மொரீஷியஸ் ராயல் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியராக மாற்றப்பட்டார். 1851இல் நண்பர்களோடு கூடி வானிலைச் சங்கம் ஒன்றை நிறுவினார். துறைமுகத்திற்கு வரும் கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்கி, இன்ன நாளில் இன்ன இடத்தில் காற்று எத்திசையில் வீசிற்று என்று பட்டியலிட்டார். கரும்புத் தோட்டங்களிலிருந்து மழைக்கணக்கும் வந்து சேர்ந்தது. அரசாங்கம் விழித்துக்கொண்டு அவரை வானிலை நோக்குநராக நியமித்தது 1862இல்; பாம்பிள்மூஸில் ராயல் ஆல்ஃபிரட் வானாய்வு நிலையத்திற்குக் கால்கோள் விழா நடந்தது 1870இல். அதுவரை ஏறக்குறைய பதினோராண்டுகள் இது பள்ளி முடிந்தபின் செய்த வேலைதான்.

அவ்வேலையால் உயிர்கள் பிழைத்தன என்று சொல்வது மிகையன்று. புயலிலே காற்று வட்டமாகச் சுழல்கிறது, ஆகவே காற்றுக்கு நேர் குறுக்கே மையம் இருக்கும் என்பது அக்காலத்து மாலுமிகளின் பாடம். புயலுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயரிட்ட கல்கத்தாவின் பிடிங்டனும் அவ்வாறே போதித்தார். மெல்ட்ரம் கப்பல் ஏடுகளை ஒப்பிட்டு, காற்று வட்டமிடுவதன்று, உள்நோக்கிச் சுருண்டு செல்கிறது என்று காட்டினார். பழைய பாடத்தை நம்பித் திரும்பிய கப்பல் தப்புவதாக எண்ணிக்கொண்டு மையத்தையே நாடிச் சென்றிருக்கும்.

அவர் தவறியதும் உண்டு. அத்தவற்றில் நமக்கும் பங்குண்டு. சூரியனிற் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் மழை மிகும் என்று 1872இல் அவர் எழுதினார். அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். இந்திய அரசாங்கத்துப் புள்ளிவிவர அதிகாரி ஹண்டர், சென்னை வானாய்வு நிலையத்தில் 1813 முதல் குறிக்கப்பட்ட மழைக்கணக்கை எடுத்துக் கரும்புள்ளிகளோடு பொருத்தி, பஞ்சம் பதினோராண்டுச் சக்கரத்தில் வருவது என்று 1877இல் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டிரேச்சி அதே சென்னை எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, அப்படியொரு தொடர்பு தெரியவில்லை என்று மறுத்தார். லட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த வேளையில், அது சூரியன் செய்த வினை என்பது சிலருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். நல்வினையாக, எண்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கவில்லை. மறுத்துப் பார்க்க மற்றொருவருக்கும் அவை கிடைத்தன.

இனித் தோட்டங்களுக்குத் திரும்புவோம். தமிழர் அத்தீவுக்குப் புதியவரல்லர். 1730களிலேயே லாபுர்தொனே என்னும் ஆளுநர் புதுச்சேரியிலிருந்து கைவினைஞரை அழைத்துச் சென்று துறைமுக நகரைக் கட்டினார். பின்னர் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர் போய் இறங்கினர். சென்னைத் துறையில் கப்பலேறியோரும் அவர்களுள் பலர். இறங்கியவர் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு: பெயர், ஊர், சாதி, வயது, உயரம், அங்க அடையாளம். அவ்வேடுகள் இன்றும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்படுகின்றன. ஒரே தீவில் ஒரு பேரேடு மழையை அங்குலத்தில் எழுதிற்று. மற்றொன்று மனிதனை அடியிலும் அங்குலத்திலும் எழுதிற்று. மழையில் நனைந்து கரும்பு வெட்டியவன் முதல் ஏட்டில் இல்லை. மழையளந்த கனவான் இரண்டாம் ஏட்டில் இல்லை.

பிற பொழுதுபோக்குகளிலும் இதே கதைதான். மாஹேபூர்க் என்னும் ஊரிலிருந்த ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளியாசிரியர், அழிந்துபோன டோடோப் பறவையின் எலும்பைப் பல்லாண்டு தேடி, 1865இல் ஒரு சதுப்புநிலத்திற் கண்டெடுத்தார். கண்டவர் அவர், இடுப்பளவு நீரில் இறங்கி வெறுங்காலால் சேற்றைத் துழாவி எலும்பை உணர்ந்தவர்கள் அவர் அனுப்பிய ஆட்கள். அவர்கள் பெயரை உலகம் கேட்கவில்லை. தோட்டக்கலையில் ஈடுபாடு கொண்ட சார்லஸ் டெல்ஃபேர் சீன நாட்டு வாழைக்கன்றுகளைப் பெற்று வளர்த்து, 1829இல் சிலவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இன்று உலகச் சந்தையெங்கும் விற்கும் கேவண்டிஷ் வாழையின் வழித்தடம் அக்கன்றுகளிலிருந்தே செல்கிறது.

1892 ஏப்ரல் 29ஆம் நாள், புயற்காலம் கடந்துவிட்டதென்று யாவரும் நம்பியிருந்த வேளையில், பெரும்புயல் தீவைத் தாக்கிற்று. ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர். நாற்பதாண்டுக் கணக்கு கையிலிருந்த மெல்ட்ரமும் அதை முன்னறிந்திலர். அவர் 1896இல் ஓய்வு பெற்றார். ஆனால் ஏடுகள் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நம் பருவமழையை முன்னறிய வகுத்த கணக்கில் இமயத்துப் பனி, சான்சிபார் மழை ஆகியவற்றோடு மொரீஷியஸின் காற்றழுத்தமும் ஓர் உறுப்பாயிற்று.

இவற்றையெல்லாம் படித்த ஆர்வத்தில், தில்லியில் நாம் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் பின்புறத்திலும் ஒரு மழைமானியை அமைத்தோம். பெரிய தொழில் நுட்பம் ஒன்றுமில்லை. நேரான பக்கங்களையுடைய புட்டியின் தலையை அறுத்து, கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடிப்பள்ளம் நிரம்பும்வரை நீரூற்றி அங்கிருந்து மில்லிமீட்டர்க் கோடிட்டோம். வாய் அகலமோ குறுகலோ, பக்கம் நேராயிருப்பின் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. வேப்பமரத்தின் கீழ் வைக்கலாகாது; மரம் எவ்வளவு உயரமோ அதனிருமடங்கு தள்ளி வைத்தல் நலம். நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்க்கிறோம். மழையில்லாத நாளில் சுழியம் எழுதுவதே கடினம். தில்லியில் அப்படிப்பட்ட நாள்களே மிகுதி. முதல் ஆண்டில் மூன்று வாரம் எழுதாது விட்டு, பின்னர் ஒரே மூச்சில் சுழியங்களை இட்டு நிரப்ப முனைந்தபோது இல்லத்தரசியார், “அன்றைக்கெல்லாம் நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். அவ்விடங்கள் வெறுமையாகவே உள்ளன.

2024 ஜூன் 28 விடியலில் தில்லியில் வானம் பிளந்துகொண்டது. நம் புட்டி 150 மில்லிமீட்டருக்கு மேற்கொள்ளாது. 8.30க்குச் சென்று பார்த்தபோது விளிம்பு வரை நீர் நின்றது. சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் பதிவாகியிருந்ததை வானொலிச் செய்தியிற் கேட்டோம். அவ்வெண்ணைப் பார்த்தெழுதக் கை ஓடிற்று, எழுதவில்லை. ஏட்டில் அந்நாளுக்கு நேராக இருப்பது இதுதான்: ‘நிரம்பி வழிந்தது. 150க்கு மேல்.’