திருடு போன நேரத்தின் கணக்கு

பினாங்கின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தையும் கோட்டையையும் பேசுவர்; மிளகையும் ஈயத்தையும் பேசுவர். பாயான் லெப்பாசின் சில்லுகளை ஒரு வரியில் கடந்துவிடுவர். அது குறையே. 1972ஆம் ஆண்டில், நெல் விளைந்த அந்நிலத்தில் தடையற்ற வாணிக வட்டாரம் எழுந்தது. 1969இல் தீவு தன் சுங்கமற்ற துறைமுக உரிமையை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த காலம். முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் அரசும் பினாங்கு மேம்பாட்டுக் கழகமும் அழைக்க, இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே அமைத்தது. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் நுண்ணோக்கியின் வழியே பார்த்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர்.

அதே 1972இன் ஆகஸ்டுத் திங்களில், ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் மென்பொருளை அறிவித்தது. ஒரு பெருங்கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்வது அதன் வேலை. ஒன்றையொன்று அறியாத இவ்விரு நிகழ்ச்சிகளும் பிற்காலத்தில் ஒரே சில்லுக்குள் சந்தித்தன. இன்று அலுவலகங்களில் 'மெய்நிகர் மேசைக்கணினி' என்று வழங்கும் ஏற்பாடு அச்சந்திப்பின் விளைவு எனலாம். தொலைவிலுள்ள பெருங்கணினி ஒன்றில் நூறு பேருக்கு நூறு கணினிகள் இருப்பதாகக் காட்டி, திரையை மட்டும் பயனர்முன் கொண்டுவந்து வைப்பது அது.

வி.எம்./370 திடீரென முளைத்ததன்று. 1964இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில், இராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் சி.பி.-40 என்பதைத் தொடங்கினர். 1967 சனவரியில் அது பணிக்கு வந்தது. ஒரே எந்திரத்தில் 14 மெய்நிகர் எந்திரங்களை நடத்திற்று. என்னைக் கவர்வது அவர்கள் வழித்தோன்றல்கள் வைத்திருந்த கணக்கு முறையே. முனையத்தின்முன் அமர்ந்தவர் நேரம் கேட்டுக் கட்டளையிட்டால், இரண்டு எண்கள் வரும். ஒன்று, அவருடைய மெய்நிகர் எந்திரம் தானே உழைத்த நேரம். மற்றொன்று, அவருக்காக மேலாளும் மென்பொருள் உழைத்ததையும் சேர்த்த மொத்த நேரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூட்டுக் குடித்தனத்துக்குக் கொடுக்கும் வாடகை. வாடகை இவ்வளவு என்று குடியிருப்பவருக்கே சொல்லிவிடும் நேர்மை அம்முறையில் இருந்தது.

சிறு கணினிகளுக்கு இக்கலை எளிதில் வாய்க்கவில்லை. ஓர் எந்திரத்தை மெய்நிகராக்க அதன் கட்டளைகள் எத்தகையனவாக இருத்தல் வேண்டும் என்று 1974இல் போப்பெக்கும் கோல்டுபர்க்கும் வகுத்தனர். இன்டெல்லின் சில்லுகள் அவ்விதிக்கு அடங்கவில்லை. 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் மென்பொருள் உத்திகளால் அத்தடையைத் தாண்டி, 1999இல் தன் முதற்படைப்பை விற்றது. சில்லுக்குள்ளேயே அதற்கான வசதியை இன்டெல் 2005இல்தான் அமைத்தது.

கலை வந்தது, இரு எண் கணக்கு உடன் வரவில்லை. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. செயல்திறனை அளக்கும் கருவியைத் தன்னுடனே கொண்டிருந்தது. நல்ல கருவிதான். ஆயினும் எந்திரம் முழுவதும் தனக்கே உரியது என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தது. மெய்நிகர் வாழ்வில் அந்நம்பிக்கை பொய். மேலாளும் மென்பொருள் ஓர் இயக்க முறைமையை இடையில் நிறுத்தி, வேறொன்றுக்குச் செயலியைக் கொடுக்கிறது. நிறுத்தப்பட்டது அதை உணர்வதில்லை. உறங்கியவன் எத்தனை நாழிகை உறங்கினான் என்பதை எழுந்தபின் வெளியே கேட்டே அறிய வேண்டும். கடிகாரத் துடிப்புகளை எண்ணி நேரம் காணும் பழைய முறைமைகளில், உறக்கத்தின்போது துடிப்புகள் தேங்கி, உள்ளிருக்கும் கடிகாரமே பின்தங்கிற்று. ஜார்ஜ்டவுனில் விக்டோரியா அரசியின் நினைவாக எழுந்த மணிக்கூண்டு போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்தது. சாய்வைத் தெருவில் நிற்பவர் காணலாம். கூண்டுக்குள் நிற்பவர்க்கு அது எளிதன்று.

ஆகவே உள்ளிருக்கும் முறைமை 'என் செயலி பாதிதான் வேலை செய்கிறது' என்று சொல்லும். பயனரோ திரை அசையாமல் காத்திருப்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எந்திரத்துக்கும் பொருந்துகிறது. மாற்று வழியும் பெருங்கணினி உலகிலிருந்தே வந்தது. லினக்சு முறைமை 2005இல் 2.6.11 என்னும் பதிப்பிலிருந்து 'திருடப்பட்ட நேரம்' என்று ஒரு கணக்கு வைக்கலாயிற்று. வேலை இருந்தும் செயலி கிடைக்காமல் போன நேரம் அது. பெயர் பொருத்தமானது. வி.எம்.வேர் அதனையே மேலிருந்து பார்த்து, 'ஆயத்தமாய்க் காத்திருந்த நேரம்' என்று கணக்கிட்டது. உள்ளும் மேலும் இரு கணக்குகளையும் ஒருங்கே பார்ப்பவரே நோயை அறிய முடியும்.

இது பொறியாளரின் கவலை மட்டுமன்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, எழுத்தர்களும் கணக்கர்களும் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்க வேண்டியதாயிற்று. காலையில் எல்லாரும் ஒருங்கே நுழைய, வட்டுகள் திணறும். அன்றைய சராசரியைக் காட்டும் வரைபடமோ அத்திணறலை விழுங்கிவிடும். தட்டிய எழுத்து தாமதித்துத் தோன்றும் இடத்தில், பழி எந்திரத்தின்மேல் விழாமல் கைகளின்மேல் விழுவது எளிது. அளவை தவறினால் தவறுவது ஒருவரின் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு.

பழைய பதிவேடுகளின் மதிப்பை 2018 சனவரி காட்டிற்று. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் சில்லுக் குறைபாடுகள் அப்போது வெளிப்பட்டன. அவற்றை அடைக்க இட்ட திருத்தங்கள், பணிச்சுமை கூடாமலேயே பல கணினிகளின் வேகத்தைக் குறைத்தன. முந்திய மாதங்களின் அளவுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்களே எவ்வளவு இழந்தோம் என்று எண்ணிச் சொல்ல முடிந்தது.

எந்திரத்தின் உழைப்பை விட்டு மனிதரின் காத்திருப்பை அளக்க வேண்டும் என்ற கருத்தும் புதியதன்று. 1982இல் ஐ.பி.எம்.மின் டோஹர்ட்டியும் தடானியும், மறுமொழி நொடிக்கும் குறைவாக வந்தால் மனிதரின் வேலை பெருகுவதை எழுதிக் காட்டினர். அதுவரை இரண்டு நொடி போதும் என்று கருதியிருந்தனர். விண்டோஸ் முறைமையில் அத்தகைய அளவை 2018இல் சேர்ந்தது. பயனர் விசையை அழுத்தியபின், அவ்வழுத்தம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்று நிரலின் கைக்குப் போகிறது என்பதை அது எண்ணுகிறது. பினாங்கில் அழுத்திய விசை கடல் கடந்த கணினிக்குப் போய்ச் சேரும் நேரம் மட்டும் அக்கணக்கில் இல்லை. அதை இன்னும் தனியேதான் அளக்க வேண்டியிருக்கிறது.