பதினைந்து கட்டில்கள்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுகிற இடம் ஆதலால் அந்த ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். பெயரை நம்பி வெள்ளத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வருஷத்தில் பல மாதங்கள் அங்கே கூடுவது மூன்று ஆறுகளின் மணல்தான். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் வந்து, பாலாற்றைக் கடந்தால் வேங்கடேசப் பெருமாள் கோயில் தெரியும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு இங்கே எழுந்தருளுகிறார். மற்ற நாட்களில் கூட்டம் அதிகம் இராது.

நான் போனது பெருமாளைச் சேவிக்க மட்டும் அல்ல. ஒரு கல்வெட்டைப் பார்க்கவும்தான். வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் அது. ஏறக்குறைய தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுப் பழமை. அதைப் படித்து விளக்கி, எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் வெளியிட்டவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர்.

சோழர் சாசனம் என்றாலே மெய்க்கீர்த்தியும் போர்க்களமும் நினைவுக்கு வரும். இதிலும் அவை இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றைத் தாண்டிப் போனால் வருவது ஒரு வரவு செலவுக் கணக்கு! வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கொண்டு கோயிலில் என்னென்ன நடக்கவேண்டும் என்ற பட்டியல். ஜனநாத மண்டபத்தில் ஒரு கல்விச்சாலை, மாணவர்க்கு ஒரு விடுதி. அவற்றோடு 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை. நம் பேச்சில் ஆஸ்பத்திரி.

அதில் பதினைந்து கட்டில்கள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலம். நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். தண்ணீர் கொடுக்க ஒருவர். இருபது வகை மருந்துகள் ஓர் ஆண்டுக்குப் போதுமான அளவில் இருப்பில் வைக்கப்பட வேண்டும். கடுக்காய் சேர்ந்த லேகியங்களும், தைலங்களும், நெய்களும் பெயர் பெயராகச் சொல்லப்படுகின்றன. இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு. அதற்கு எண்ணெய்ச் செலவு தனி.

அந்த விளக்கை நினைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். நோயாளிக்கு இரவு எவ்வளவு நீளமானது என்பதை யாரோ அறிந்திருக்கிறார்கள்!

இந்தக் கட்டில்கள் யாருக்காக? அங்கே படித்த மாணவர்களுக்கும், கோயிலில் வேலை பார்த்தவர்களுக்கும். அதாவது, ஒரு ஸ்தாபனம் தன்னிடம் உழைக்கிறவன் நோயில் விழுந்தால் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. "அப்போதே எல்லாம் நம்மிடம் இருந்தது" என்று மார்தட்டிக்கொள்ள நான் இதைச் சொல்லவில்லை. கோயிலைச் சாராத உழவனுக்கும், கல் சுமந்த கூலியாளுக்கும் அங்கே கட்டில் இருந்ததாகச் சாசனம் சொல்லவில்லை. விழுந்தவனை எடுத்துக் கட்டிலில் கிடத்துவதைப் பற்றித்தான் அது பேசுகிறது. விழாமல் தடுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பேச்சு நம் நாட்டில் தொடங்க 1881 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வருஷத்தில் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும். இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழு வயது ஆனால் வைக்கலாம், ஒன்பது மணி நேரம்! படிக்கும்போது நமக்குக் கூசுகிறது. ஆனால் அன்று அதுவே பெரிய சீர்திருத்தம்.

பிறகு 1891, 1911, 1922, 1934 என்று சட்டம் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. ஒவ்வொரு தடவையும் வயது வரம்பு கொஞ்சம் ஏறியது, வேலை நேரம் கொஞ்சம் குறைந்தது, அல்லது இன்னும் சில ஆலைகள் உள்ளே வந்தன. இதெல்லாம் தானாக நடக்கவில்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பஞ்சாலைத் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று, நிம்மதியாகச் சோறு தின்ன நேரம் இல்லை என்பது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் நாடறிந்த தலைவர்கள். ஆனால் அந்தக் குறையை வாடியாவிடம் முதலில் கொண்டுபோனவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும்.

1948இல் சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் வந்தது; அதே ஆண்டில் ஈ. எஸ். ஐ. சட்டமும் வந்தது. பதினைந்து கட்டில்களின் தூரத்து வாரிசு என்று இரண்டாவதைச் சொல்லலாம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஊரையே கொன்ற பிறகு, 1987இல் மறுபடியும் திருத்தம். ஆபத்தான தொழில் நடக்கும் ஆலையில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டும் என்றது அது. ஆபத்து வருகிறது என்று எச்சரிக்கும் உரிமையையும் தொழிலாளிக்குத் தந்தது. சோழன் சாசனத்தில் நான் தேடிக் காணாதது இதுதான். அங்கே வேலையாளுக்கு நெல் உண்டு, மருந்து உண்டு, வாய் இல்லை.

ஊர் திரும்பும் வழியில் காஞ்சிபுரத்தில் பழக்கமான நெசவாளர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. குழியில் ஈரம். ஒரே ஜன்னலின் வெளிச்சத்தில் தலைமயிரைவிட மெல்லிய இழைகளைக் கண் தேடிக்கொண்டிருந்தது. கோர்வைப் புடவைக்குக் கரையில் நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். முன்னெல்லாம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையாக இருக்கும். இவரும் எட்டு வயதில் அப்படி உட்கார்ந்தவர்தான்.

"முதுகு வலிக்கு என்ன பண்றீங்க?" என்றேன்.

"எழுந்து நடப்பேன் சார்."

"சர்க்கார் அதிகாரி யாராவது வந்து தறியைப் பார்த்ததுண்டா?"

அவர் சிரித்தார். "இது வீடு சார். ஃபாக்டரியா?"

அந்தச் சிரிப்பில் நூற்றைம்பது வருஷத்துச் சட்டம் அடங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் மின்சக்தி இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்று கணக்கு. அதை நீக்கிவிட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய தொகுப்புச் சட்டத்தில் அது இருபதும் நாற்பதுமாக உயர்ந்திருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கும் தறி, எந்தக் கணக்கிலும் தொழிற்சாலை ஆகாது.

கல்லில் வெட்டிய சாசனத்தைத் திருத்த முடியாது. காகிதத்தில் எழுதிய சட்டத்தைத் திருத்தலாம், திருத்தியும் வந்திருக்கிறோம். அடுத்த தடவை திருத்த உட்காருகிறவர்கள், தலைகளை எண்ணுவதற்கு முன்னால் ஒரு குழித்தறியில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் நல்லது. நான் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க அவர்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது.