உமியும் ஓலையும் கொதிகலமும்

மருதனார்மடத்தில் 1913 ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் மகளிர் கல்லூரியை நிறுவிய காலத்தில், அதனைச் சூழ்ந்த இணுவில், உடுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களிலே புகையிலை சிறந்த பணப்பயிராய் விளங்கிற்று. அத்தோட்டங்களில் வீணெனத் தள்ளப்பட்ட பொருள் மிகச் சிலவே. பனையோலை கூரையாகவும் வேலியாகவும் இருந்து, உக்கத் தொடங்கியதும் பசளையாக மண்ணில் தாழ்க்கப்பட்டது. வைக்கோல் மாட்டுக்கு உணவாயிற்று. மாடு பட்டியிற் கட்டப்பெற்றுத் தோட்டத்துக்கு எருவீந்தது. தென்னம் பொச்சும் பனை ஊமலும் புகையிலைக்குப் புகையூட்டும் போறணைக்குச் சென்றன. ஒரே பொருளை அடுப்பும் மாடும் மண்ணும் வேண்டிநின்ற அந்நிலத்தில், ஓர் ஓலையை எரிப்பதா தாழ்ப்பதா என்பது குடியானவன் ஆண்டுதோறும் தீர்க்கவேண்டிய வினாவாயிருந்தது. பயிர்க்கழிவை எரிக்கும் சிறு கொதிகலங்களின் வரலாற்றுக்கும் இவ்வினாவே திறவுகோல். கழிவு விலையின்றிக் கிடைத்த தேயங்களில் அதன் வெப்பத்தை அளந்து பார்ப்பார் அரியராயினர். அதற்கு வேறொரு பயன் தோன்றிய பின்னரே வினைத்திறன் என்னும் எண்ணம் தலையெடுத்தது.

நீராவிக் கொதிகலம் நிலக்கரியின் துணையோடு வளர்ந்தது. 1812 ஆம் ஆண்டளவில் றிச்சாட் திரெவிதிக் கோண்வாலில் அமைத்த கொதிகலத்தில், நீர் நிறைந்த பேருருளையின் நடுவே சென்ற குழாயினுள்ளேயே நெருப்பு எரிந்தது. நிலக்கரிக்கு அவ்வமைப்புப் பொருந்திற்று. ஆயின் தென் உருசியா, ஹங்கேரி முதலிய தானிய வெளிகளில் கரியும் விறகும் அரியன; சூடடித்த வைக்கோலோ குவியல் குவியலாகக் கிடந்தது. உருசியப் பொறியியலாளரான செமியோத்தும் இங்கிலாந்தின் இப்சுவிச் நகரத்து ஜோன் ஹெட் என்பவரும் கூடி ஆக்கிய வைக்கோல் எரிக்கும் பொறி 1873 இல் வியன்னாக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இரண்டு உருளைகள் வைக்கோலைப் பற்றி விசிறிபோல் விரித்து அடுப்பினுட் செலுத்தின. அவ்வுருளைகளைச் சுழற்றியதும் அப்பொறியே. நிலக்கரியினும் பன்மடங்கு நிறையுள்ள வைக்கோல் அதற்கு வேண்டியிருந்தது. அவ்வெளிகளில் அதனை ஒரு குறையாக எவரும் கருதவில்லை.

நெல்லுமியின் கதை யாழ்ப்பாணத்தார்க்கு இன்னும் அணித்தானது. குடாநாட்டு வயல் மாரிமழையை நம்பி ஆண்டுக்கு ஒருபோகம் விளைவது. அதன் நெல் ஊர்க்குப் போதாமையின் பர்மா அரிசி நெடுங்காலம் இங்கு உலையேறிற்று. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் இரங்கூனில் நீராவி ஆலைகள் பெருகின. தொடக்கத்தில் அவற்றுக்குக் கப்பலில் வந்த நிலக்கரியே எரிபொருள். பின்னர் ஆலையின் காலடியிற் குவிந்த உமியையே எரிக்கும் அடுப்புகள் வந்தன. அதன் பயனாகக் கரிக்கப்பல் எட்டாத ஐராவதிக் கழிமுகத்து உள்ளூர்களிலும் சிற்றாலைகள் முளைத்தன. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அவ்வரிசியின் வரவு நின்று, ஈழத்தவர் பங்கீட்டு அரிசியை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது யாவரும் அறிந்ததே.

உமியை எரிப்பது எளிதன்று. அதன் நிறையில் எழுபது விழுக்காட்டுக்கு அண்மையான பகுதி, சூடேறியவுடன் ஆவியாகப் பிரிந்து எரிவது. அச்சுவாலைக்கு இடம் வேண்டும். நீர் சூழ்ந்த இரும்புக் குழாயினுள் அது முற்ற எரியுமுன்னே குளிர்ந்து புகையாகிவிடும். ஆதலின் கொதிகலத்துக்கு முன்னே செங்கல்லாலான தனியறை கட்டி, படிக்கட்டுப் போன்ற சாய்ந்த தட்டின்மீது உமி மெல்ல வழிந்து இறங்கும்படி செய்தனர். செந்தழலான செங்கல் புதிதாக வரும் உமியைத் தானே பற்றவைக்கும். அதிக காற்று புகுந்தால் வெப்பம் புகைபோக்கி வழியே போகும். காற்றுக் குறைந்தால் கரி எரியாமல் நிற்கும். சாம்பல் கருமையாயிருப்பின் எரிபொருளின் ஒரு பகுதி வீணாயிற்று என்று அடுப்புக்காரன் கருவியின்றியே அறிவான்.

கணக்கு வருமாறு. ஆயிரங் கிலோகிராம் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோகிராம் உமி. அதனை எரித்தால் 40 கிலோகிராம் சாம்பல். ஒரு கிலோகிராம் உமி 3,000 முதல் 3,500 வரை கிலோகலோரி தரும். நல்ல நிலக்கரி தருவதிற் பாதி. குளிர்நீரை நீராவியாக்கக் கிலோகிராமுக்கு 610 கிலோகலோரியளவு வேண்டுமாதலின், நூற்றுக்கு நாற்பது வினைத்திறனுள்ள கொதிகலம் ஒரு பங்கு உமிக்கு இரு பங்கு நீராவியும், அறுபது உள்ளது மூன்று பங்கும் தரும். நெல்லை அவித்து வெயிலில் உலர்த்தும் ஆலைக்கு இரண்டும் ஒன்றே. உமி எப்படியும் மிஞ்சும். இயந்திர உலர்த்தியும் அவ்வுமியையே நம்பியிருக்குமாயின், முதற் கொதிகலம் இடைவழியிற் கைவிட்டுவிடும். மைசூரில் 1950 இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையம் நெல்லை வெந்நீரில் ஊறவைத்து அவிக்கும் முறையைப் பரப்பியதும், 1967 இல் திருவாரூர் நவீன அரிசியாலையோடு ஓர் ஆய்வுகூடம் எழுந்து பின் தஞ்சாவூரில் நிலைபெற்றதும், சோழமண்டலத்து உமிக்கு ஒரு மதிப்பைத் தேடித்தந்தன. செங்கற் சூளையும் உமிக்கு விலைகொடுக்கத் தொடங்கியபின் அடுப்பைத் திருத்த எவரும் வற்புறுத்தவேண்டியிருக்கவில்லை.

குடாநாட்டின் கொதிகலம் பெரும்பாலும் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. நெல் அவிக்கும் கிடாரமும் பனங்கட்டி காய்ச்சும் தாச்சியும் இதற்குச் சான்று. கருப்பநீரில் வெல்லப்பகுதி நூற்றுக்குப் பன்னிரண்டு அளவே. ஒரு கிலோகிராம் பனங்கட்டிக்கு ஏழு கிலோகிராம் நீரை ஆவியாக்க வேண்டும். கருப்பநீரைச் சூடாக்குவதையும் சேர்த்தால் 4,300 கிலோகலோரிக்கு மேலாகும். வெப்பம் சிறிதும் வீணாகாத அடுப்பொன்று இருப்பின் உலர்ந்த ஓலை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேலே போதும். பத்திலொரு பங்கு வெப்பமே கலத்தைச் சேரும் மூன்றுகல் அடுப்புக்கோ பதினொரு கிலோகிராம் வேண்டும். எஞ்சியது காற்றிலும், அடுப்படியில் நின்ற பெண்களின் கண்களிலும் போயிற்று. ஐதராபாத்துப் பொறியியலாளர் எஸ். பி. ராஜு 1953 இல் தம் புகையற்ற அடுப்பைப் பற்றி நூல் வெளியிட்டபோது, விறகுச் சிக்கனத்தோடு இக்கண்களையும் கருதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டு மண்ணெண்ணெயும் அரிதானபோது, விறகடுப்பை விட்டவர்களும் அதற்கே மீண்டனர். அதே போர்க்காலத்திற் காவலரண்களுக்காகப் பனைகள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. அடுப்புக்கு ஓலை மிகுதியாக வேண்டிய நாளிலேயே ஓலை தரும் மரம் குறைந்தது.

ஓலையைத் தாழ்த்த முன்னோர் இரசாயனம் கற்றவரல்லர். எனினும் அவர்தம் தெரிவு நன்றே. எரியும் ஓலையின் நைதரசன் புகையோடு போய்விடும். சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் எஞ்சும். உமிச் சாம்பலிலோ பத்தில் ஒன்பது பங்கு வெறும் சிலிக்காவே. மண்ணை அது சற்று இளக்கலாம், பயிரைப் பெரிதும் ஊட்டாது. ஆகவே உமியைக் கொதிகலத்துக்கும் ஓலையைத் தோட்டத்துக்கும் ஒதுக்குவது செம்மண்ணுக்கு ஏற்ற பங்கீடாகும். கிளிநொச்சி ஆலைகளில் உமி இருக்கின்றது. மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி அனுப்பும் தோட்டங்களிலோ, பனை அருகியபின், தாழ்ப்பதற்கு ஓலை வேண்டியிருக்கின்றது.