நாழிகை வட்டில் முதல் சக்தி நுண்செயலி வரை: மீள்நிகழ் காலக்குறிப்பும் பிழைத்திரட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

காலக்கருவிகளின் வரலாற்றைக் கருவியின் நுட்பத்தைக் கொண்டு எழுதுவது வழக்கம். ஓர் அறிவிப்பு முடிந்தபின் அடுத்ததை எக்கணத்திலிருந்து எண்ணுவது என்ற முடிவும் அந்நுட்பத்திற்கு இணையானது என்பதை நாழிகை வட்டில், நுங்கம்பாக்கம் வானாய்வகம், சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி நுண்செயலி ஆகியவற்றை ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாழிகை, சென்னை நேரம், காலக்குறிப்பான், நிகழ்வுசார் மென்பொருள், சக்தி

முன்னுரை

விசை அழுத்தம், வலையமைப்புச் செய்தி போன்ற நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து, அவை வரும்போது மட்டும் செயற்படுவது நிகழ்வுசார் மென்பொருள். அதில் குறித்த இடைவெளிதோறும் அறிவிப்புத் தரும் டைமரை மீள்நிகழ் காலக்குறிப்பான் எனலாம். அதனை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் கணினிக்கு மிகவும் முற்பட்டது.

நாழிகைக் கணக்கர்

ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் காலத்தைக் கொண்டு நாழிகையை அளந்தனர். பாசறையில் அரசனுக்குப் பொழுது அறிவிப்போரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் நாழிகைக் கணக்கர் என்ற பெயரே இடம்பெறுகிறது.

மூழ்கிய வட்டில் தானே எழாது. அதனை எடுத்து, நீரை வடித்து, மீண்டும் மிதக்கவிட ஆள் வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் 10 நொடி தாமதித்தால், 60 நாழிகை எண்ணி முடிக்கும்போது கணக்கு 10 நிமிடம் பிந்திவிடும். வட்டிலின் அளவு சரியாக இருந்தும் பிழை திரள்கிறது. முந்தைய செயல் முடிந்த கணத்திலிருந்து அடுத்த நாழிகையை எண்ணுவதே இதற்குக் காரணம். சூரிய உதயத்திலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கினால், திரண்ட பிழை மறுநாளைக்குச் செல்லாது.

நுங்கம்பாக்கம் வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்ட அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் உள்ளது. ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்திய சென்னை நேரம், 1906இல் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வரும்வரை இரயில்வேக்கும் பயன்பட்டது.

வானாய்வகக் கடிகாரத்தோடு இணைக்கப்பட்ட பீரங்கி இரவு 8 மணிக்கு ஒலித்து நகருக்கு நேரம் அறிவித்தது. கடிகாரம் விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தைக் கொண்டு திருத்தப்பட்டது. ஆகவே ஒருநாள் வெடி சற்றுப் பிந்தினாலும், அத்தாமதம் மறுநாள் வெடியைப் பாதிக்க வழியில்லை. அடுத்த அறிவிப்பு முந்தைய வெடியிலிருந்து எண்ணப்படவில்லை, கடிகாரத்திலிருந்தே எண்ணப்பட்டது.

சக்தி நுண்செயலி

இவ்வேறுபாட்டை அதே நகரில், அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் உருவான சக்தி நுண்செயலியிலும் காணலாம். 2014இல் தொடங்கிய இத்திட்டம் ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத்தொகுதியைப் பின்பற்றுகிறது. அக்கட்டளைத்தொகுதியின் விதிப்படி, எம்டைம் பதிவகம் இடையறாது எண்ணிக்கொண்டிருக்கும். அதன் மதிப்பு எம்டைம்கம்ப் பதிவகத்தில் எழுதிய கெடுவை எட்டியதும் இடையீட்டுக் குறிப்பு எழும். வட்டிலைப் போலவே இதுவும் தானே மீள்வதில்லை. அடுத்த கெடுவை மென்பொருள்தான் எழுத வேண்டும்.

எழுதும் முறை இரண்டு. இப்போதைய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டுவது ஒன்று. முந்தைய கெடுவோடு இடைவெளியைக் கூட்டுவது மற்றொன்று. இடைவெளி 100 மில்லிநொடி, ஒவ்வொரு முறையும் தாமதம் 2 மில்லிநொடி எனக் கொள்வோம். முதல் முறையில் ஒரு மணி நேரத்தில் 36,000 அறிவிப்புகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 35,294 மட்டுமே கிடைக்கும். இரண்டாம் முறையில் ஒவ்வோர் அறிவிப்பும் 2 மில்லிநொடி பிந்தினாலும் எண்ணிக்கை குறையாது.

காலக்குறிப்பான்கள் பலவாயின், ஒவ்வொன்றுக்கும் தனி இழை ஒதுக்குவது நினைவகத்தை வீணாக்கும். கெடுக்களை வரிசைப்படுத்தி, முதலில் வருவதை மட்டும் பதிவகத்தில் எழுதினால் ஒரே வன்பொருள் எண்ணி அனைத்திற்கும் போதும்.

தாமதம் ஓர் இடைவெளியையே விஞ்சினால் தவறிய அறிவிப்புகளை என்செய்வது என்ற வினா எஞ்சும். விடை பயனைப் பொறுத்தது. நாழிகைக் கணக்கில் ஒன்று விடுபட்டாலும் பொழுது தவறும்; எனவே விடுபட்டதையும் சேர்த்தெண்ண வேண்டும். தவறிய பீரங்கி வெடிக்காக மறுநாள் இருமுறை வெடிப்பதில் பயனில்லை. அதனைத் தவிர்த்து அடுத்த கெடுவுக்குச் செல்வதே முறை.

முடிவுரை

மூன்று சான்றுகளிலும் அளவி வேறு. மீளத் தொடங்கும் கடமை ஒன்றே. அக்கடமை நாழிகைக் கணக்கரிடமிருந்து கடிகாரத்திற்கும், பின்னர் மென்பொருளின் ஒற்றைக் கூட்டலுக்கும் இடம்பெயர்ந்துள்ளது. நாழிகைக் கணக்கரை அரண்மனைச் சடங்கின் பகுதியாக மட்டும் காணாமல், பிழை திரளாமல் காக்கும் பொறுப்பேற்ற தொழில்வினைஞராகவும் காண்பது தமிழ்த் தொழில்நுட்ப வரலாற்றாய்வுக்குத் துணைபுரியும்.